ஆயில் குடித்த வண்டி

புகையை முதலில் பார்த்தவள் நான் இல்லை. கேம்ப் ரோடு சிக்னலில் நின்றிருந்தபோது பைக்கில் வந்த ஒருவர் என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

"இன்னாக்கா, பின்னாடி கண்ணாடியப் பாக்கறதே இல்லியா? சைலன்சர் பொகையா கக்கிகினு கீது. பின்னாடி வர்றவனுக்கு ரோடே தெரியல."

பதில் சொல்வதற்குள் பச்சை விழுந்துவிட்டது. பின் சீட்டில் செம்பாக்கத்து டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. சிறுநீரகம் பழுதாகி, வாரம் தவறாமல் டயாலிசிஸுக்குப் போய்வருபவர். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் எனக்கு அப்போதிருந்த நிரந்தரமான சவாரி. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, நீல கலர்ல வருது" என்றார். புடவைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

நீலம் என்று அவர் சொன்னதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினேன். வெள்ளைப் புகை என்றால் குளிர்ந்த என்ஜினில் இருக்கும் ஈரம், சூடானதும் போய்விடும். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இது எனக்குத் தெரிந்தது என் கணவரால். வண்டி அவருடையது. பல வருடம் வேறொருவரின் காரை ஓட்டி, பிறகு சொந்தமாக இதை வாங்கி, அவரே டாக்சியாக ஓட்டினார். சாப்பிடும்போது கூட வண்டிப் பேச்சுதான். நான் வீட்டில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். மாடம்பாக்கத்தில் அப்போது காலியாகக் கிடந்த மனைகளுக்கு நடுவே எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். "நீ எங்க போய் ஓட்டப் போற, சும்மா தெரிஞ்சு வச்சிக்கோ" என்று சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார்.

போன வருடக் கோடையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, வலது கால் இழுத்துக்கொண்டது, பேச்சு போய்விட்டது. உள்ளே வார்த்தைகள் இருக்கின்றன, வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. "அதான்." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், வலித்தாலும் அதான், என்னைக் கூப்பிடுவதும் அதான்தான். நாம் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. ஆனால் ஆம், இல்லை என்று தலையாட்டுவதைக்கூட நம்ப முடியாது. ஆம் என்று ஆட்ட நினைப்பார், தலை இல்லையென்று ஆடிவிடும். அது அவருக்கே தெரிந்து, கண்ணை மூடிக்கொள்வார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு டியூஷனை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியவில்லை. வண்டி வாசலில் சும்மா நின்றது. நான் எடுத்து ஓட்டத் தொடங்கினேன். தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று சவாரி வந்தது. வயதானவர்களும் பெண்களும் நான் ஓட்டுவதை விரும்பினார்கள். சவாரி இல்லாத நேரத்தில் அவரைப் பேச்சுப் பயிற்சிக்கும் கைகால் பயிற்சிக்கும் குரோம்பேட்டைக்குக் கூட்டிப்போனேன். அவர் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் கியர் மாற்றத் தாமதித்தால் இடது கையால் தன் தொடையைத் தட்டுவார்.

புகையைப் பற்றி அன்று மத்தியானம் அவரிடம் சொன்னேன். உடனே எழுந்திருக்கப் பார்த்தார். கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். வண்டியைத் திருப்பி, பின்பக்கம் அவரைப் பார்த்தபடி நிறுத்தி, ஸ்டார்ட் செய்து மிதித்தேன். குபுக்கென்று வந்த புகை அவர் முழங்கால் வரை போய்ச் சுழன்றது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. குனிந்து மோந்து பார்த்தார். பிறகு பானட்டைக் காட்டினார். திறந்தேன். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அவரிடம் நீட்டினேன். ஆயில் மாற்றி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. குச்சியின் நுனியில் மட்டும் கொஞ்சம் கறுப்பாக ஒட்டியிருந்தது.

மேலே வால்வின் ரப்பர் சீல் போயிருந்தால் சின்னச் செலவு, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் போயிருந்தால் என்ஜினையே இறக்க வேண்டும். "வால்வ் சீலாங்க?" என்று கேட்டேன்.

"அதான்."

"பிஸ்டன் ரிங்கா?"

"அதான்."

"ரெண்டுல எது? சீல்னா தலையாட்டுங்க."

தலையாட்டினார். ரிங்கா என்று திரும்பக் கேட்டேன். அதற்கும் ஆட்டினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையைத் தட்டையாக வைத்துக் காற்றில் ஒரு தரம் அழுத்தமாக இழுத்துக் காட்டினார், மேசையிலிருந்து எதையோ வழித்துத் தள்ளுவதுபோல. நான் அதை, பெரிசாக ஒன்றுமில்லை, விடு, பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வதுதான் எனக்குத் தேவையாக இருந்தது.

செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒரு மெக்கானிக் இருந்தார். என் கணவர் வண்டி வாங்கிய நாளிலிருந்து பழுது பார்ப்பதெல்லாம் அவரிடம்தான். என் கணவரை அண்ணா என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுவார், வயதில் எங்களுக்கு மூத்தவராக இருந்தாலும்.

"காலைல ஸ்டார்ட் பண்ணசொல்லோ வருதா, ஓட்டசொல்லோ வருதா?" என்று கேட்டார்.

"காலையிலதான் நிறைய. அப்புறம் பெருங்களத்தூர் மேம்பாலம் எறங்கி, கீழ வந்து மிதிச்சா ஒரு தடவை குப்புனு வருது."

"அப்ப சீல்தான்க்கா. வண்டி நிக்கசொல்லோ மேலேர்ந்து ஆயில் சொட்டு சொட்டா உள்ள எறங்கும். காலைல ஸ்டார்ட் பண்ணா அது எரியும். பாலம் எறங்கசொல்லோ கால எடுத்துட்றீங்கல்ல, அப்பவும் ஆயில உள்ள இழுக்கும். மிதிச்சதும் பொகையா வரும். ரிங் போயிருந்தா நாள் பூரா பொகைதான். பயப்படாதீங்க, என்ஜின எறக்கத் தேவையில்ல."

அவர் சொன்னதில் தவறொன்றும் இல்லை. நான் சொன்ன அடையாளங்களுக்கு அந்தப் பதில்தான் பொருந்தும். சாதாரணமாக ஓடும்போதும் மெல்லியதாகப் புகை வந்துகொண்டிருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. ஓட்டுகிறவளுக்கு அது தெரியவில்லை. பைக்கில் வந்தவர் பார்த்ததும் மிதிக்கும்போது வரும் புகைதான் என்று நினைத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் வெயிலில் அந்த மெல்லிய நீலம் கரைந்துவிடும்.

சீல் மாற்றினார். கொஞ்ச நாள் வண்டி சுத்தமாக ஓடியது, அல்லது அப்படித் தோன்றியது. காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு ஓடிப்போய்ப் பின்னால் பார்ப்பேன், ஒன்றும் வராது. அந்த நாட்களில் ஒரு தடவை, பயிற்சி முடிந்து திரும்பும்போது இரும்புலியூர் பக்கம் வண்டியை ஓரங்கட்டி இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் உறிஞ்சும்போது வாயின் வலது ஓரமாக வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அந்தப் பாதிச் சிரிப்பை நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் அந்த வாரம் "மா" என்ற ஒலியை அவரிடமிருந்து வரவழைத்திருந்தார். முதல் ஒரு வருடம்தான் முக்கியம், நடுவில் நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். எல்லாம் மெல்லச் சரியாகும் என்று அன்று நினைத்தேன். அப்படி நினைத்தது அதுதான் கடைசி.

மறுபடி புகை வந்தபோது முன்பைவிட அதிகமாக வந்தது. ஊற்றிய ஆயில் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. வண்டி நிற்கும் இடத்தில் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. அத்தனையும் எரிந்துகொண்டிருந்தது. மெக்கானிக்கிடம் போனபோது இந்தத் தடவை என் கணவரையும் கூட்டிப்போனேன். வீட்டில் தனியாக விட முடியாத நாள் அது.

கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மெக்கானிக் என்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். உள்ளிருந்து அடுப்பை ஊதினதுபோலப் புகை விட்டு விட்டு வந்தது. மூடியைத் திருகாமல் சும்மா மேலே வைத்தார். அது அங்கேயே குதித்தது. அவர் முகம் மாறியது. என்ஜினை நிறுத்தி, பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டு, குழம்பில் முக்கி எடுத்ததுபோல ஈரமாகக் கறுத்திருந்தன. பிளக் இருந்த துளையில், உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரஷன் மீட்டரைத் திருகிவிட்டு என்னிடம், "ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சிகினு செல்ஃப் அடிங்கக்கா" என்றார். அடித்தேன். முள் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது.

பிறகு அந்தத் துளைக்குள் ஒரு கரண்டி அளவு ஆயிலை விட்டு மறுபடி அடிக்கச் சொன்னார். இப்போது முள் நன்றாக ஏறியது.

"ஏறிடுச்சே, நல்லதுதான?" என்றேன்.

"நல்லதில்லக்கா." சாக்குத் துணியில் கையைத் துடைத்தார். "ஆயில் போய் பிஸ்டன சுத்தி கீற சந்த அடச்சிகிச்சு, அதான் ஏறுது. அப்டின்னா சந்து அங்கதான் கீது. ரிங்கு போயிடுச்சு. வால்வ்ல இருந்தா ஆயில் ஊத்தினாலும் ஏறாது. மொதல்லயே மீட்டர் போட்டுப் பாத்திருக்கணும். சீலுன்னு நெனச்சி வுட்டுட்டேன்."

மெல்லிய கேமரா வைத்த ஒரு கம்பியைத் துளைக்குள் விட்டு, அவர் போனில் எனக்குக் காட்டினார். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடுகள், ஆணியால் கீறினதுபோல.

"எப்பவாச்சும் வண்டி நல்லா ஹீட் ஆச்சா? ரேடியேட்டர்ல தண்ணி இல்லாம ஓட்னீங்களா?"

இல்லையென்றேன். எனக்கு வண்டியை நன்றாகப் பார்த்துக்கொண்டேன் என்ற நிச்சயம் இருந்தது. தண்ணீர் பார்க்காமல் நான் ஒரு நாளும் எடுத்ததில்லை.

"ரொம்ப ஹீட் ஆயிருக்குக்கா. ரிங்கு வெந்து போயிருக்கு. ஒடனே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் தேயும்."

அப்போது நாற்காலியிலிருந்து "அதான்" என்று குரல் வந்தது. அவர் மெக்கானிக்கைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. இடது கையால் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். மறுபடி தட்டிக்கொண்டார்.

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவருக்குப் பக்கவாதம் வந்தது வண்டியில். பொத்தேரியில் ஒரு மாணவனைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டு, ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையின் ஓரமாக வண்டியை நிறுத்தியிருக்கிறார். தலை சுற்றுகிறதென்று நிறுத்தினாரோ, அடுத்த சவாரிக்காக நிறுத்தினாரோ தெரியாது. உச்சி வெயில். கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, என்ஜின் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த ரோட்டில் டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குவது எல்லோரும் பார்க்கிற காட்சி. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. முன்னால் ஆவி வருவதைப் பார்த்துத்தான், பக்கத்து ஜூஸ் கடைக்காரர் கதவைத் திறந்திருக்கிறார். அவர்தான் சாவியைத் திருகி நிறுத்தினார், அவர்தான் எனக்குப் போன் செய்தார். "வண்டி கொதிக்குதுமா, சார் பேச்சு மூச்சில்லாம கெடக்கறாரு" என்றார். நான் அந்த வாக்கியத்தின் பின் பாதியை மட்டும்தான் கேட்டேன். முன் பாதி காதில் விழுந்தது, அவ்வளவுதான். பிறகு மைத்துனர் தண்ணீர் ஊற்றி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். அது ஓடியது. ஓடுகிற வண்டியில் என்ன கெட்டிருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். "அந்த ஆவி மட்டும் வந்திருக்காட்டி அண்ணன யாரும் பாத்திருக்கவே மாட்டாங்க" என்றார் அவர். ஆறுதலாகத்தான் சொன்னார். என் கணவர் அதைக் கேட்டுவிட்டு, கையைத் தட்டையாக வைத்துக் காற்றில் வழித்துத் தள்ளினார். அன்று எங்கள் தெருவில் காட்டிய அதே சைகை. விடு என்பதல்ல அது, முடிந்தது என்பது என்று எனக்கு அப்போது தோன்றியது. முதல் நாளே புகையை மோந்து அவர் சொன்னது அதுவாகத்தான் இருக்க வேண்டும். நிச்சயமாகத் தெரியவில்லை. அவரிடம் கேட்டேன். தலையை முதலில் ஒரு விதமாகவும் பிறகு இன்னொரு விதமாகவும் ஆட்டினார்.

என்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்றலாம். என்ஜினின் மேல்மூடியான ஹெட்டும் லேசாக வளைந்திருக்கலாம், இறக்கினால்தான் தெரியும் என்றார் மெக்கானிக். அதற்கு ஆகும் செலவு வண்டியின் மதிப்பைத் தொட்டுவிடும். பழைய என்ஜின் ஒன்று கிடைக்குமா என்று அவரே சில இடங்களில் விசாரித்தார். கிடைத்தது ஒன்றும் நம்பும்படி இல்லை. "ஆயில் ஊத்தி ஊத்தி ஓட்டுங்கக்கா, ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்றார்.

அப்படியே ஓட்டினேன். டிக்கியில் ஆயில் டப்பாவும் புனலும் எப்போதும் இருந்தன. முதலில் வாரத்துக்கொரு தடவை ஊற்றினேன், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். கெட்டியான ஆயில் ஊற்றிப் பார்த்தேன். புகை கொஞ்சம் குறைந்து மறுபடி வந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு மருந்து வாங்கி ஊற்றினேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. சிக்னலில் நிற்க வெட்கமாக இருக்கும். நடந்து போகிறவர்கள் முகத்தைச் சுளிப்பது எனக்குத்தான் என்று தெரியும். புகைச் சான்றிதழ் தருகிற வேனுக்குப் போனபோது, அங்கிருந்தவர் கருவியைச் சொருகக்கூட இல்லை. "மேடம், தயவு செஞ்சு வண்டிய ஆஃப் பண்ணுங்க" என்றார்.

வண்டிக்குள்ளேயே எரிந்த ஆயிலின் வாடை நிற்க ஆரம்பித்தது. சவாரிகள் குறைந்தன. ஒரு நாள் டீச்சரம்மாவை டயாலிசிஸ் முடித்துக் கூட்டிவரும்போது சேலையூர் தாண்டுவதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து குனிந்து வாந்தி எடுத்தார். நான் இறங்கி அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் கொடுத்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. அந்த வாடை எனக்கு ஒத்துக்கல. என் பையன் வேற வண்டி சொல்லியிருக்கான். நீ வண்டிய சரி பண்ணிட்டுச் சொல்லு, ஒடனே ஒன்னையே கூப்புடறேன்."

"சரிங்கம்மா" என்றேன். வண்டி சரியாகாது என்று அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஓட்டுவதில் அர்த்தமில்லாமல் போனது. ஆயிலுக்குப் போவதே வருவதைவிட அதிகமாகிவிட்டது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் மெக்கானிக்கே பேசி முடித்தார். வாங்குகிறவர் ஒரு நாள் காலையில் இழுவை வண்டியோடு வந்தார். என் கணவருக்கு முதல் நாளே சொல்லியிருந்தேன். காலையில் வெளியே வரமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவரே சுவரைப் பிடித்துக்கொண்டு கேட் வரை வந்துவிட்டார். டிரைவர் சீட்டைக் காட்டினார்.

நானும் வந்தவருமாகச் சேர்ந்து அவரை உள்ளே உட்கார வைத்தோம். வலது காலை நான்தான் தூக்கி உள்ளே வைத்தேன். சாவித் துளை வலது பக்கம். அவர் இடது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய், ஸ்டியரிங்குக்குப் பின்னால் தடவித் தேடி, சாவியைத் திருகினார். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. தெரு முழுக்கப் புகை. எதிர் வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்த வந்து, உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு, சாத்தாமல் நின்றார். என் கணவர் எதிரே இருந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கதவருகே நின்றேன். இழுவை வண்டிக்காரர் பொறுமையாகத்தான் இருந்தார். பிறகு மெதுவாக, "போதும் சார், ஆஃப் பண்ணிடுங்க" என்றார். அவர் உடனே ஆஃப் செய்தார். மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

வண்டி போன பிறகு பயிற்சிக்குப் போவது குறைந்தது. ஆட்டோவில் ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். ஷேர் ஆட்டோவில் அவரைக் கொண்டுபோக முடியாது. கொஞ்ச காலம் வாடகை வண்டியில் போனோம். பிறகு மாதத்துக்கு ஒரு தடவை என்றானது. பிறகு நின்றுவிட்டது. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சொன்ன ஒரு வருடமும் கடந்துவிட்டது. ஒரு தடவை போன் செய்து கேட்டபோது, வீட்டிலேயே பேசிக்கொண்டிருங்கள் என்றார். பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். "மா" திரும்ப வரவில்லை.

இப்போது நான் பொத்தேரியில் ஒரு மகளிர் விடுதியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் வந்து போவதைப் பார்த்துக்கொள்வதும் சமையலறைச் சாமான்களைக் கவனிப்பதும் வேலை. காலையில் அவரைக் குளிப்பாட்டி, டிபன் கொடுத்து, மத்தியானச் சாப்பாட்டை இடது கைக்கு எட்டும்படி மூடி வைத்துவிட்டுப் பேருந்து பிடிக்கிறேன். எதிர் வீட்டு அம்மா நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார். சாயங்காலம் வந்து பார்த்தால் தட்டில் பாதி சோறு காய்ந்து கிடக்கும். கொஞ்சம் ரசம் விட்டுப் பிசைந்து நானே ஊட்டுகிறேன். சில நாள் வாங்கிக்கொள்கிறார். சில நாள் வாயைத் திறப்பதில்லை.